நிறுத்தாத கிடார்

புது மாப்பிள்ளை பொறுமையிழந்து ரிமோட்டைக் கையில் எடுத்தான்.

ஓடிக்கொண்டிருந்தது பழைய மேடைக் கச்சேரி ஒன்றின் பதிவு. மாமனாரும், அன்று கூட்டத்தில் உட்கார்ந்து அதைப் பதிவு செய்த எலக்ட்ரீஷியன் நண்பரும் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பாட்டு முடிகிறபாடாக இல்லை. கிடார்காரர் ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“ஓட்டி விடட்டுமா மாமா? ஜவ்வு மாதிரி இழுக்கிறாங்க.”

“இதான் மாப்பிள்ளை நல்ல இடம்.”

“முதல் பாதி பிரமாதம். இப்போ சரக்கு தீர்ந்துபோய் ஒப்பேத்துறாங்க.”

“நிஜம்தான்,” என்று நண்பர் சிரித்தார். “இறங்கத் தயாரா இருந்தவங்களை, நிறுத்திடாதீங்கன்னு உங்க மாமாதான் மேடைக்கு ஓடிக் கையெடுத்துக் கும்பிட்டார்.”

“அவ்வளவு பைத்தியமா மாமா?”

“பாட்டு நின்னா மொத்தக் கூட்டமும் வாசலை அடைச்சுக்கும். மைதானத்துக்கு இருந்ததே ஒரு வாசல். ஆம்புலன்ஸ் வெளியே போகணுமே,” என்றார் மாமனார். “அன்னைக்கு நான் இதைக் கேக்கவே இல்லை. வண்டிக்குள்ள உங்க அத்தை கையைப் பிடிச்சுட்டிருந்தேன். இன்னும் நாள் இருக்குன்னு நம்பிக் கச்சேரிக்கு வந்தோம், வலி வந்துடுச்சு. கொஞ்சம் தாமதிச்சிருந்தா ரெண்டு உயிரும் தங்கியிருக்காதுன்னு டாக்டர் சொன்னார்.”

“என் பாட்டு முடிஞ்சிடுச்சாப்பா?” என்று கேட்டபடி மாப்பிள்ளையின் மனைவி உள்ளேயிருந்து வந்தாள்.

மாப்பிள்ளை பதிவைப் பின்னால் ஓட்டினான்.

“இல்லை, உட்காரு. முதல்லேர்ந்து கேப்போம்.”