அப்பா வண்டியின் நிறம்

"ஏன்டா எலோய், உனக்கு மூளை கழண்டு போச்சா?" ஒனோஃப்ரே போட்ட சத்தத்தில் கம்ப்ரஸர் இரைச்சலே காதில் விழவில்லை. "இந்த ஊதாவை அழிச்சிட்டு சேத்துத் தண்ணி மாதிரி ஒரு பழுப்பா? ஊர்ல தெரிஞ்சா என் கடையைக் கொளுத்திடுவானுங்க!"

எலோய் நிற அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

பெயின்டரின் கோபத்தில் நியாயம் இருந்தது. எலோயின் அப்பா பெனிட்டோ விட்டுப்போன டிரக் அது. அதற்கு அடுக்கடுக்காக ஊதா அடித்து, போட்டோவைப் பார்த்துப் பின்கதவில் பெனிட்டோவின் முகத்தை வரைந்ததே ஒனோஃப்ரேதான். எஸ்பனோலா ஊரில் செத்தவர்களைக் கல்லறையில் தேடுவதைவிட வண்டிகளில் தேடுவது சுலபம். ஞாயிறு சாயங்காலம் செத்துப்போன அப்பா, அண்ணன், மாமா என்று எல்லோரும் வண்டிக் கதவுகளில் ஓவியமாகப் பெரிய தெருவில் பளபளவென்று ஊர்வலம் போவார்கள்.

"அப்பன் முகத்தை வரையச் சொல்லித்தான் பசங்க வருவானுங்க. அழிக்கச் சொல்ற மகராசன் நீ ஒருத்தன்தான்டா! வித்துத் தொலைக்கப் போறியா? இல்ல, எவளாவது கிடைச்சு அவளுக்கு ஊதா பிடிக்கலையா?"

"அம்மாவுக்காகண்ணே."

ஒனோஃப்ரே கம்ப்ரஸரை நிறுத்தினார். லுக்ரேசியாவின் நிலைமை ஊருக்கே தெரியும். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, போன வருடத்திலிருந்து பெற்ற மகனையே "யாருப்பா நீ?" என்று கேட்கிறாள்.

"பொழுது சாஞ்சா ஜன்னலை விட்டு நகர மாட்டேங்கறாங்க. 'வந்துட்டாரா, வந்துட்டாரா'ன்னு ஒரே கேள்வி. ஊதா வண்டியில நான் வந்து இறங்கறேன், என்னைத் தாண்டித் தெருவைப் பார்க்கறாங்க. அவங்க தேடறது அப்பா ஓட்டின அந்தப் பழைய பழுப்பு வண்டியைண்ணே."

எலோய் அட்டைகளைக் கீழே வைத்தான். "அப்பா செத்துப் போனப்ப எனக்கு நாலு வயசு. அவர் முகம்கூட எனக்கு நினைப்பில்ல. அவரைப் பத்தி ஒரு குறை சொன்னதில்ல அம்மா. வேற கல்யாணமும் பண்ணிக்கல. ஒரே ஒரு தடவை அந்த வண்டி வாசல்ல வந்து நிக்கறதை அவங்க பார்க்கட்டும். அந்தச் சந்தோஷத்துல என்னையும் அடையாளம் தெரிஞ்சு, ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டாங்கன்னா..."



ஒனோஃப்ரே டாஷ்போர்டைக் கழற்றினார். எத்தனை தடவை வண்டிக்குப் பெயின்ட் அடித்தாலும் அந்தப் பலகைக்குப் பின்னால் யாரும் கை வைக்க மாட்டார்கள். வெயில் படாத அந்த மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பழுப்பு அப்படியே இருந்தது.

அதைப் பார்த்துக் கலந்து இரண்டு அட்டைகளில் அடித்துக் கொடுத்தார். "இது வண்டி புதுசா வந்தப்ப இருந்த பழுப்பு. இது வெயில்ல நின்னு வெளுத்தது. அம்மா மனசுல இருக்கறது எதுன்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அவங்ககிட்டயே காட்டு."

மறுநாள் எலோய் முகமெல்லாம் பூரிப்பாக வந்தான். "வெளுத்ததுதாண்ணே! புதுசைக் காட்டினேன், சும்மா பார்த்தாங்க. இதைக் காட்டினதும் கை நடுங்கி அட்டை கீழ விழுந்துடுச்சு. முகத்தைத் திருப்பிக்கிட்டு அழுதுட்டாங்க!"

"எத்தனை வருஷத்து ஏக்கமோ, பாவம்" என்று ஒனோஃப்ரே சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

பின்கதவை மட்டும் வேறு யாரையும் தொட விடவில்லை. "மன்னிச்சுக்கோ பெனிட்டோ" என்று படத்திடம் முனகிவிட்டு, அவரே உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். மீசை போனது, சிரிப்பு போனது, கடைசியாகக் கண்கள் போயின. எலோய் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதான். ஊரே பொறாமைப்பட்ட ஊதா, தரையில் தூளாகக் கிடந்தது.

சனிக்கிழமை வெயில் தாழ்ந்த நேரம். பழுப்பு டிரக் வீட்டு வாசலில் வந்து நின்றது. வழியில் இருந்த ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்காத அளவுக்கு அது பழைய வண்டியாகவே இருந்தது.

ஜன்னல் திரை அசைந்ததை எலோய் பார்த்தான். ஒரு நொடி விலகி, உடனே மூடிக்கொண்டது. அம்மா கதவைத் திறக்கத்தான் ஓடி வருகிறாள் என்று நினைத்து வண்டியிலிருந்து குதித்து இறங்கினான்.

கதவு திறக்கவில்லை. தன் சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே போனால், வீடே இருட்டாக இருந்தது. அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது, கூடத்தில் ஆள் இல்லை.

"அம்மா?"

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அவன் மணிக்கட்டைப் பற்றியது. அந்த மெலிந்த கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. லுக்ரேசியா சுவரோடு ஒட்டி நின்று மகன் முகத்தையே பார்த்தாள். ஒரு வருடமாக வெறிச்சோடிக் கிடந்த கண்களில் இன்று உயிர் இருந்தது.

"எலோய்!" என்றாள்.

அவன் விம்மிவிட்டான். இந்த ஒரு வார்த்தைக்காக எதை வேண்டுமானாலும் அழித்திருப்பான். "ஆமாம்மா, எலோய்தாம்மா!"

அவள் சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள். உடம்பு முழுக்க நடுங்க, அவனைப் படுக்கையறைப் பக்கம் இழுத்துக்கொண்டே கிசுகிசுத்தாள்.

"கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கோ கண்ணு... உங்கப்பா வந்துட்டாரு!"