நீங்கள் எந்தக் கோயில்?

“நீங்கள் வீடு வாடகைக்குக் குடுக்கிறியளோ, இல்லாட்டில் மாப்பிள்ளை பாக்கிறியளோ?”

கேற்றுக்கு வெளியே, ஒழுங்கையில் நின்று உதயகலா கேட்ட கேள்வியில் அவள் புருசன் அருட்செல்வன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோளில் பாய்க்கட்டு. காலடியில் காஸ் அடுப்பும் இரண்டு பைகளும். விடியக் காலமை முல்லைத்தீவில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் வந்து இறங்கியவர்கள்.

உள்ளே நின்ற வீட்டுக்காரம்மா கோபப்படவில்லை.

“கேட்டதுக்குப் பதிலைச் சொல்லும் பிள்ளை. எந்த ஊர்?”

“முல்லைத்தீவு.”

“அதுக்கு முதல்?”

“அதுக்கு முதல் அம்மான்ரை வயித்துக்கை.”

“இவருக்கு எங்கை வேலை?”

“நாளைக்குச் சொல்லுறம்.”

“ஏன், இண்டைக்குச் சொன்னால் என்ன?”

“நாளைக்குத்தானே தேடப்போறம்!”

வீட்டுக்காரம்மாவின் வாயோரம் சிரிக்கப் பார்த்தது. பிறகு அந்தக் கேள்வி வந்தது.

“அம்மா பிறந்தது எவடம்? அவையளுக்கு எந்தக் கோயில்?”

காலமை பார்த்த இரண்டு வீட்டிலும் இதே கேள்விதான். இங்கே சாதியை ஆரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, நாகரிகமானவர்கள். கோயிலைக் கேட்பார்கள். கோயிலைச் சொன்னால் மிச்சம் தானாகத் தெரிந்துவிடும். பதிலைக் கேட்டதும், முதல் வீட்டுக்காரருக்குக் கனடாவிலிருந்து மகள் வரப்போவது ஞாபகம் வந்தது. அடுத்த வீட்டில் திடீரென்று கூரை ஒழுகத் தொடங்கியது. கொளுத்துகிற வெயிலில்.

“இரட்டைநாவலடி வைரவர்! வட்டுக்கோட்டைப் பக்கம். போதுமோ? இனி உங்கடை மகள் எந்த நாட்டிலையிருந்து வாறா எண்டு சொல்லுங்கோ.”

வீட்டுக்காரம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினா.

“முடிஞ்சுது,” என்றான் அருட்செல்வன். “பெரிய கோயிலாப் பாத்து ஏதாவது ஒரு பேரைச் சொல்லியிருக்கலாம். ஆர் போய் விசாரிக்கப் போகினம்?”

“விசாரிக்காட்டில் சரியோ? இண்டைக்கு ஒரு பொய்யைச் சொன்னால், இருக்கிற காலம் முழுக்க அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டெல்லே படுக்கோணும்.”

“கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு உதயா. அண்ணை வீட்டையே போவம்.”

“போறதோ? கச்சான் தோட்டத்தை வெள்ளம் கொண்டுபோச்சுது, அழுது முடிச்சாச்சு. ‘ஒரு கிழமையிலை திரும்பி வருவியள்’ எண்டு உங்கடை அண்ணி சிரிச்சவ. அவவுக்கு ஒரு நாளிலையே போய்க் காட்டுவமோ? அடுத்த ஒழுங்கையைப் பாப்பம். தூக்குங்கோ அடுப்பை.”

அவன் குனியவும் கதவு திறந்தது. வீட்டுக்காரம்மாவின் கையில் ஒரு பூட்டின் திறப்பு.

“பின் வீடு. கூட்டித்தான் கிடக்கு. கிணறு நடுவிலை, என்னட்டைக் கேட்காமல் அள்ளுங்கோ.”

உதயகலா திறப்பை வாங்கிக்கொண்டு புருசனைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஒரு சொல் மட்டும் கேட்கோணும் பிள்ளை. ஒழுங்கையிலை ஆரும் கேட்டால் வைரவரைச் சொல்லாதையும். ஆலங்குளத்துப் பிள்ளையார் எண்டு சொல்லும். நாங்களும் அதுதான். எனக்குச் சொந்தமெண்டு நினைப்பினம். பிறகு ஒருத்தரும் கிண்டமாட்டினம்.”

“வாடகையைக் கூட்டிக் கேளுங்கோ, கதைச்சுத் தீர்ப்பம். கோயிலை மாத்தச் சொல்லாதேங்கோ.”

“உங்கடை நன்மைக்குத்தான்...”

“எங்களுக்கு வேண்டாம் அம்மா.” திறப்பைத் திருப்பி நீட்டினாள்.

“உதயா...” என்று இழுத்தான் அருட்செல்வன்.

வீட்டுக்காரம்மா திறப்பை வாங்கவில்லை. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தா. குரல் நன்றாய்த் தணிந்தது.

“வைரவர் பொங்கலுக்கு இப்பவும் வீட்டுக்கொரு குடம் தண்ணி கொண்டுபோய், எல்லாரும் ஒரே பானைக்கைதான் ஊத்துறவையோ?”

“ஓம்... அது வெளியாக்களுக்குத் தெரியாதே. உங்களுக்கு ஆர் சொன்னது?”

“ஆரும் சொல்லேல்லை. என்ரை இடுப்பிலையும் குடம் இருந்தது. இந்த வீட்டை வாங்கிக்கொண்டு வந்த அண்டைக்கு, இனிப் பிள்ளையார் எண்டு சொல்லு எண்டு என்ரை மனுசன் பழக்கினவர். அவரும் கண்ணை மூடிட்டார். நான் இண்டைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறன்.”

“அப்ப என்னட்டை ஏன் கேட்டனீங்கள்?”

“வாறவையிட்டைக் கேட்காமல் விட்டால், ஒழுங்கையிலை என்னைச் சந்தேகப்படுவினம் பிள்ளை.”

உதயகலா நீட்டிய கையை மடக்கினாள். திறப்பு உள்ளங்கைக்குள் போனது.

“அடுப்பைக் கொண்டுபோய் உள்ளுக்கை வையுங்கோ,” என்றாள் புருசனிடம்.

அந்நேரம் பக்கத்து மதிலுக்கு மேலால் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“என்ன மாமி, பின் வீட்டுக்கு ஆக்கள் வந்திட்டினம் போலை? ஆர், எந்தக் கோயில்?”

வீட்டுக்காரம்மா கண்ணால் உதயகலாவிடம் கெஞ்சினா.

உதயகலா அவவின் கையைப் பிடித்தாள். மெல்லத்தான் சொன்னாள், ஆனால் விடுகிறமாதிரி இல்லை.

“என்ரையை நான் சொல்லத்தான் போறன். இவ்வளவு காலம் ஒளிச்சது போதும் அம்மா. முதல் நீங்கள் உங்கடையைச் சொல்லுங்கோ.”