தட்டில் பாதிச் சோறு

ஆம்பூர் தியேட்டரில் மத்தியான ஆட்டம். கதவிடுக்கில் நுழைந்த வெயில் ஒரு கோடாகக் கடைசி வரிசைவரை நீண்டு கிடக்கிறது. தோல் பதனிடும் டேனரியின் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டும் ஒருவனைப் பற்றிய நாவலைப் படமாக எடுத்திருக்கிறார்கள். நாவலைப் படித்திருக்கும் அக்சா முதலிலிருந்தே முணுமுணுக்கிறாள். "புக்குல இந்த வில்லனே கெடையாது. பாட்டு வேற ஜாஸ்தி. அந்த ஹீரோதான் பாவம், படத்த ஒத்தையா இழுக்கறாரு. இன்டர்வெல்ல கெளம்பிடலாங்க." பக்கத்தில் அவள் கணவன் ஜெபசீலன் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் அதே தொட்டி வேலைதான். திரையில் நாயகன் வேலை முடிந்து வந்து தட்டின் முன் உட்காருகிறான். இசை நின்றுபோய் தியேட்டரின் மின்விசிறிச் சத்தம் கேட்கிறது. மனைவியிடம் ஏதோ சொல்லிக்கொண்டே புளிக்குழம்பைச் சோற்றில் பிசைகிறான். சுண்ணாம்பில் வெடித்த விரல்நுனியில் குழம்பு பட்டதும் கை தானாக ஒரு கணம் மேலே எழும்புகிறது. அவன் கையைப் பார்க்கவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை, மறுபடியும் பிசைகிறான். இருட்டில், ஜெபசீலனின் வலது கை மடியில் மெதுவாக மூடிக்கொள்கிறது. முதல் கவளம் வாய்க்குப் போகும் முன்பே 'இடைவேளை' என்ற எழுத்து விழுந்து விளக்குகள் எரிகின்றன. அக்சா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுகிறாள். "போலாங்களா?" வெற்றுத் திரையிலிருந்து ஜெபசீலன் கண்ணை எடுக்கவில்லை.

"இரும்மா. அவன் இன்னும் சாப்ட்டு முடிக்கல."