ஒரே பலகை, இரண்டு விடை

சதுரங்கத்தில் மொத்தம் எத்தனை நிலைகள் வரும் என்று எண்ணுவதற்கு, ஊரார் சிப் பொருத்திய தங்கள் மெஷின்களை ஓய்வு நேரத்தில் இரவல் கொடுத்திருந்தார்கள். உப்பளத்துச் சூசை வீட்டில் தையல் மெஷினும், அவர் நெஞ்சுக்குள் இருந்த பேஸ்மேக்கரும் எண்ணின. காய்கள் நிற்கும் ஒரே பலகையிலிருந்து வரக்கூடிய நிலைகளை இரண்டும் தனித்தனியே எண்ணி, விடை ஒத்துவர வேண்டும். இன்று மூன்று முறை எண்ணியும் ஒத்துவரவில்லை.

"ஏட்டி, ஒன் தையல் மெஷினு சரியான மக்கு," என்று சோற்றைப் பிசைந்தபடி கேலி செய்தார் சூசை.

அவர் மனைவி செல்லக்கனி அதே பலகையைப் பக்கத்து வீட்டுக் கிரைண்டரிடம் எண்ணக் கொடுத்தாள். தையல் மெஷின் சொன்ன விடையே வந்தது. அவள் சூசையின் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"கையக் கழுவும். ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"வெளையாட்டுக் கணக்கு தப்புனதுக்கா?"

"தப்பா எண்ணுன அந்த மெஷினுதான ஒம்ம நெஞ்சுத் துடிப்பையும் எண்ணுது?"

சூசை கை கழுவாமலே எழுந்தார்.