மாடியிலிருந்து வந்த வயர்

பஸ் டிரைவருக்கு அன்று லீவு. மத்தியானம் மூன்று மணிக்கு வெளியூர் மச்சானோடு வீடியோ கேமில் கார் ரேஸ். போன வாரம் வைஃபை சுற்றோ சுற்றென்று சுற்றி, அவர் கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. "பஸ் ஓட்டுற கைதானே மாமா" என்று மச்சான் சிரித்தது இன்னும் காதில் இருந்தது.

மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். மாடிக்கு ஓடி, அறைக்கு வெளியே இருந்த வைஃபை ரூட்டரை அணைத்துப் போட்டார். கேம் பெட்டியை டிவிக்குப் பின்னாலிருந்து முன்னால் வைத்தார். வேகம் கூடவில்லை. கடைசியில் புதிதாக வாங்கிய நெட் வயரின் ஒரு முனையை ரூட்டரில் செருகி, சுருளை அங்கேயே போட்டுவிட்டு, மறுமுனையோடு தடதடவென்று இறங்கினார்.

ஹாலுக்கு வந்ததும் வயர் எங்கோ மாட்டி நின்றது. மனைவி மாடி அறையில் இருக்கிற நினைப்பில், "ஏம்மா, கொஞ்சம் விடு" என்று கத்தினார். வயர் இளகியது. "இன்னும் கொஞ்சம்." இன்னும் கொஞ்சம் வந்தது. "போதும், போதும்." நின்றது.

செருகினார். வேகம் எகிறிவிட்டது. மூன்று ரேஸ், மூன்றிலும் அவர்தான். டிரைவர் சோபாவில் ஏறி நின்று ஆடினார்.

வாசல் கதவைத் திறந்துகொண்டு மனைவி செருப்புக்கடைப் பையோடு வந்தாள். "நான் போய் ரெண்டு மணி நேரமாச்சு. யார்கூட இந்தக் கூத்து?"

அவர் கண் தரைக்குப் போனது. தரையில் தளர்ந்து கிடந்த வயர் மெல்ல மெல்ல மாடிப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. பிறகு அது விறைத்து, கேம் பெட்டியை ஒரு விரற்கடை நகர்த்தியது.