இருக்கியா?

அலையின் உயரத்தைக் கணிக்கும் அந்தப் பழைய ஃபோர்ட்ரான் நிரலில் ஒரு வேண்டாத வரி இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அது திரையில் 'இருக்கியா?' என்று அச்சிடும். யாரோ பிழை தேடும்போது போட்டுவிட்டு, எடுக்க மறந்தது. "அதுல மட்டும் கை வைக்காத ரெஜினா, எடுத்தா செத்துரும்" என்றார் வானிலை மையத்தில் அவளுக்கு மூத்தவரான மாசானமுத்து. புயல் நெருங்கிக்கொண்டிருந்தது, அந்த வரியோ வேகத்தைக் குறைத்தது. ரெஜினா எடுத்தாள். தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டதாகச் சொல்லி நிரல் நின்றது. திரும்பப் போட்டாள், ஓடியது. "பேயெல்லாம் இல்ல சார், ஸ்டாக் மெமரி பத்தல" என்று சிரித்தாள். அந்த நினைவகத்தில் நிரல் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று கணினி வைத்திருந்த வரம்பை நீக்கிவிட்டு, வரியை மறுபடி அழித்தாள். இம்முறை நிரல் சாகவில்லை. திரை நெடுநேரம் வெறுமையாகவே இருந்தது. "பாத்தீங்களா சார்?" என்று திரும்பினாள். மாசானமுத்து அவளைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தபடி மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார். அலையின் உயரம் வரவேண்டிய இடத்தில், நிரலில் எங்குமே இல்லாத சொற்கள் வந்திருந்தன: 'இருக்கேன். ஏன் கேக்குறத நிறுத்திட்டே?'