பெயர் எழுதிய வெறுந்தட்டு

"ஒண்ணுமே தடவாத தட்டுல கிருமி எப்படிட்டி முளைக்கும்?" என்று கிருஷ்ணராஜ் அண்ணாச்சி கேட்டார்.

வள்ளித்தாய் அந்தத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கோவில்பட்டியில் அவர் நடத்திய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கண்ணாடித் தட்டுகளைக் கழுவி, கிருமி வளர்க்கும் கூழை ஊற்றி வைப்பது அவள் வேலை. கயத்தாறு சோலைச்சாமிக்கு வலது இடுப்பில் வைத்திருந்த இரும்பு மூட்டு வலித்தது. அங்கே ஊசி குத்தி எடுத்த நீரை ஒரு தட்டில் தடவினார்கள். கிருமி முளைத்தால் மூட்டைக் கழற்ற வேண்டும். பிறகு அவர் படுத்த படுக்கைதான். கூழ் சுத்தமா என்று பார்க்க, பக்கத்திலேயே ஒரு வெறுந்தட்டும் இருக்கும். அதில் கூழ் ஊற்றியவர் பெயரை எழுதுவது அங்கே வழக்கம்.

சோலைச்சாமியின் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. வள்ளித்தாய் பெயர் எழுதிய தட்டில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. மறுபடி நீர் எடுத்துத் தடவினார்கள். மறுபடியும் அப்படியே.

"கை கழுவாம ஊத்தியிருப்பே," என்று அண்ணாச்சி சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. விடிந்ததிலிருந்து அவளுக்கு வலது இடுப்பு வலித்தது; அந்தக் காலை ஊன்ற முடியவில்லை.

சாயங்காலம் சோலைச்சாமி கம்பு ஊன்றி வந்தார்.

"உமக்குக் கிருமி இல்ல வே. மூட்டக் கழத்த வேண்டாம்," என்றார் அண்ணாச்சி.

மேசையைப் பிடித்துக்கொண்டு நின்ற வள்ளித்தாயை அவர் பார்த்தார். கம்பை அவள் பக்கத்தில் சாத்தி வைத்தார். நொண்டாமல் நடந்து வெளியே போனார்.